மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு: இறங்குவிளக்கு தவறாகச் சொன்ன ஒரு மழைக்காலம்

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலை ஆறு மணி, ஷிப்ட் மாறும் நேரம். டவரிலிருந்து போன் வந்தது.

"சாரே, பாப்பி ஒண்ணு நோக்கணம். இப்ப எறங்கின கேப்டன் மூணு வெள்ளைன்னு சொல்றார். ஊசி நடுவிலதான் நின்னுச்சாம்."

கண்ட்ரோலர் கொல்லங்கோட்டுப் பெண். பாதி மலையாளம், பாதி தமிழ். எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான் பேசுவோம். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். விமான நிலையத்தின் தரைவிளக்குப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். ரன்வே ஓர விளக்கு, அப்ரோச் விளக்கு, டாக்ஸிவே விளக்கு, பாப்பி (இறங்கும் விமானம் சரியான உயரத்தில் வருகிறதா என்று நிறத்தால் காட்டும் இறங்குவிளக்கு) எல்லாம் எங்கள் பொறுப்பு. எந்த விமான நிலையம் என்பது இங்கே தேவையில்லை. எடவப்பாதி (தென்மேற்குப் பருவம்) மழை கொட்டுகிற எந்த ரன்வேயிலும் இது நடக்கலாம். விளக்குப் பராமரிப்பில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு பதிவு இருக்கட்டும் என்றுதான் முழுதாக எழுதுகிறேன்.

பாப்பி சொல்லும் சேதி

ரன்வேயின் இடது ஓரத்தில், ஓடுபாதை வாசலிலிருந்து சுமார் 400 மீட்டர் உள்ளே, வரிசையாக நான்கு பெட்டிகள். முதல் பெட்டி ரன்வே விளிம்பிலிருந்து 15 மீட்டரில் இருக்கும். மற்றவை 9 மீட்டர் இடைவெளியில். ஒவ்வொரு பெட்டியும் மேலே வெள்ளை ஒளியும் கீழே சிவப்பு ஒளியும் வீசும். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும். 1974-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் இருந்த அரசு வானூர்தி ஆய்வகத்தில் டோனி ஸ்மித், டேவிட் ஜான்சன் என்ற இருவர் இதை உருவாக்கினார்கள். அதற்கு முன்னால் இருந்த விளக்குகளில் சிவப்பு மெல்ல மெல்ல வெள்ளையாகும். இதில் எல்லை கூர்மை. அந்தக் கூர்மைதான் இதன் உயிர்.

நான்கு பெட்டிகளும் நான்கு கோணத்தில் நிற்கும். எங்கள் ரன்வேயில் ஐஎல்எஸ் (ரேடியோ அலையால் இறங்குபாதை காட்டும் ஏற்பாடு; விமானத்தில் அதன் ஊசி நடுவில் நின்றால் பாதை சரி) உண்டு, இறங்குகோணம் 3 பாகை. அதோடு ஒத்துப்போக, ரன்வே பக்கமிருந்து எண்ணினால், பெட்டிகளின் கோணம் 3 பாகை 35 கலை, 3 பாகை 15 கலை, 2 பாகை 45 கலை, 2 பாகை 25 கலை. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை. பஞ்சாங்கக்காரர்கள் சொல்லும் அதே கலைதான். வேலையில் நாங்கள் மினிட் என்போம். மணி நிமிடத்தோடு குழம்பக் கூடாது என்று இங்கே கலை என்றே எழுதுகிறேன்.

விமானியின் கண் ஒரு பெட்டியின் கோணத்துக்கு மேலே இருந்தால் அந்தப் பெட்டி வெள்ளை, கீழே இருந்தால் சிவப்பு. ஆகவே 3 பாகையில் வருகிறவருக்கு ரன்வே பக்கத்து இரண்டும் சிவப்பு, வெளிப்பக்கத்து இரண்டும் வெள்ளை. கொஞ்சம் உயர்ந்தால் மூன்று வெள்ளை, இன்னும் உயர்ந்தால் நான்கும் வெள்ளை. தாழ்ந்தால் சிவப்பு கூடிக்கொண்டே போகும். நான்கும் சிவப்பு என்றால் உடனே மேலே போக வேண்டும். இரண்டுக்கு இரண்டு தெரியும் பட்டையின் அகலம் வெறும் 30 கலை, அதாவது அரைப் பாகை. அந்தப் பட்டைக்குள்தான் நூற்றுக்கணக்கான பேரைச் சுமந்து விமானம் இறங்குகிறது.

கண்ணை நம்பி இறங்கக் கூடாதா என்று ஊரில் கேட்பார்கள். கண் ஏமாற்றும். மழைத்தண்ணீர் வழியும் கண்ணாடி ரன்வேயை இடம் மாற்றிக் காட்டும். குறுகலான ரன்வே, ஏற்றமாகப் போகும் ரன்வே இரண்டும் 'நீ ரொம்ப உயரத்தில் இருக்கிறாய்' என்று விமானியை நம்பவைக்கும். எங்கள் இறங்குபக்கம் முழுக்க ரப்பர் தோட்டமும் வயலும். ராத்திரியில் அங்கே ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. இருட்டுக் கிணற்றின் அக்கரையில் ரன்வே விளக்கு மட்டும் மிதக்கும். அப்படிப்பட்ட இடத்தில் விமானிகள் தங்களை அறியாமலே தாழ்ந்து வருவார்கள் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். அந்த இருட்டில் அவர்களிடம் உண்மை சொல்வது இந்த நான்கு பெட்டிகள்தான்.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் நடந்தது கேரளத்தில் யாருக்கும் மறக்காது. கொட்டும் மழையில் துபாயிலிருந்து 190 பேரோடு வந்த விமானம் ரன்வேயின் பாதித் தூரம் தாண்டித் தரை தொட்டது. ரன்வே முடிந்து பள்ளத்தில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். நிலைகொள்ளாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. அந்த விபத்து பாப்பியால் வந்ததல்ல. ஆனால் மழையிலும் இருட்டிலும் கடைசி சில மைல்களில் விமானிக்குக் கிடைக்கும் ஒவ்வொரு தகவலும் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்று அந்த ராத்திரிக்குப் பிறகு என் மனசில் ஆழப் பதிந்துவிட்டது.

முதல் நாள் கொடுத்த பதில்

போன் வந்ததும் பேனலைப் பார்த்தேன். சர்க்யூட்டில் கரண்ட் சரியாக 6.6 ஆம்பியர். எந்த அலாரமும் இல்லை. பெட்டி சாய்ந்தால் விளக்கை அணைக்கும் சாய்வு சுவிட்சும் விழவில்லை. உதவிக்கு இருந்த தம்பி வேலந்தாவளத்துப் பையன். ஜீப்பில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணா, பல்பு எல்லாம் எரியுதுங்க. கண்ணாடி சுத்தமா இருக்குதுங்க. ஒண்ணும் குறையில்லை."

டவருக்கு 'சர்வீசபிள்' என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை இன்று வரை வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். விளக்கு எரிகிறதா என்பதற்குத்தான் நான் பதில் சொன்னேன். விமானி கேட்டது அதை அல்ல. விளக்கு என்ன சொல்கிறது என்று அவர் கேட்டார்.

அடுத்த பத்து நாளில் இன்னும் ஐந்தாறு புகார். கண்ட்ரோலர் பொறுமையாக ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டு இல்லாவிட்டால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம். அதைப் படித்தபோது புகார் ஒரே மாதிரி இல்லை என்பது தெரிந்தது. சிலர் 'எல்லாம் பிங்க், நிறமே பிரியவில்லை' என்றிருக்கிறார்கள். சிலர் 'மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு' என்றிருக்கிறார்கள். முதல் வகை எல்லாமே வளைகுடாவிலிருந்து வருகிற விடியற்கால விமானங்கள். இரண்டாம் வகை எந்த நேரத்திலும் வந்தது. ஆனால் பெரிய விமானக்காரர்கள் மட்டுமே சொன்னார்கள். ஏடிஆர் என்ற சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

பெரிய விமானம் மட்டும் என்றதும் எங்களில் ஒருவருக்கு நிம்மதி வந்துவிட்டது. அவர் சொன்ன காரணம் முழுப் பொய்யும் இல்லை. ஐஎல்எஸ் இறங்குபாதை ரன்வே வாசலிலிருந்து சுமார் 300 மீட்டரில் தரை தொடும். பாப்பி அதற்கு 100 மீட்டர் உள்ளே. ஐஎல்எஸ் காட்டுவது விமானத்தின் ஏரியல் போகும் பாதையை. பாப்பி பேசுவது விமானியின் கண்ணோடு. பெரிய விமானத்தில் கண் உயரமாக இருக்கும். ஆகவே தரைக்கு மிக அருகில், சுமார் 200 அடிக்குக் கீழே, இரண்டும் ஒன்றுபோலச் சொல்லாது. அது இயல்பு. "அதுதான் சார், ஜியோமெட்ரி" என்று ஃபைலை மூடப் பார்த்தார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. புகார் சொன்ன கேப்டன்களில் ஒருவர் நாகர்கோவில் பக்கம். அவருடைய கம்பெனி வழியாகப் பேச ஏற்பாடு செய்துகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எந்தத் தூரத்துல சார் மூணு வெள்ளை வந்துது?"

"ஆறு மைல்லயே வந்துருச்சுங்க. ரெண்டாவது பெட்டி பிங்க், வெள்ளை, பிங்க்னு மாறிட்டே இருந்துது. நாலு மைல்லயும் அப்படித்தான்."

விமானிகள் சொல்வது கடல் மைல், ஆறு மைல் என்றால் பதினோரு கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் 100 மீட்டர் முன்னே பின்னே என்பதும், கண் ஆறு மீட்டர் உயரம் என்பதும் இரண்டு மூன்று கலைக்கு மேல் வித்தியாசம் காட்டாது. ஜியோமெட்ரி கிட்டே வந்தால்தான் விளையாடும். தூரத்திலேயே நிறம் தப்பினால் கோளாறு பெட்டியில்தான். இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

தென்னந்தோப்பு

இதற்கு நடுவே யாரோ தோப்பின் மேல் பழி போட்டார்கள். இறங்குபக்கம் ஒரு கிலோமீட்டரில் ஒரு மேட்டில் தென்னந்தோப்பு. பாப்பிக்கு முன்னால் எந்த மரமும் கட்டடமும் முட்டக் கூடாத ஒரு சாய்தளம் உண்டு. கடைசிப் பெட்டியின் கோணத்தில் 0.57 பாகை கழித்தால் அதன் சாய்வு வரும். எங்களுக்கு அது 1 பாகை 51 கலை. ஒரு கிலோமீட்டரில் அதன் உயரம் சுமார் 32 மீட்டர். தோப்புக்காரப் பாட்டியிடம் அனுமதி கேட்டு அளந்தோம். எந்த மரமும் அந்த உயரத்துக்கு வரவில்லை. பாட்டி இளநீர் வெட்டிக் கொடுத்தார். மரம் மறைத்தால் விளக்கு காணாமல் போகும், சிவப்பு வெள்ளையாகாது. இதை உட்கார்ந்து யோசித்திருந்தாலே போதும்.

தவறான கருவி, சரியான கண்

பிறகு கிளைனோமீட்டரை எடுத்தோம். பெட்டிக்குள் அளவுத் தட்டு ஒன்று உண்டு. அதன்மேல் இந்தச் சாய்வுமானியை வைத்தால் கோணம் தெரியும். தம்பி அளந்து எழுதிக் கொடுத்தான். ரன்வே பக்கமிருந்து 3 பாகை 44, 3 பாகை 11, 2 பாகை 54, 2 பாகை 34.

"அண்ணா, மூணு பெட்டி ஒம்பது கலை தூக்கியிருக்குதுங்க. ரெண்டாவது மட்டும் தேவலை, நாலு கலைதான் குறைவு. அந்த மூணையும் எறக்கிரலாமுங்களா?" ஸ்பானர் கையில் தயாராக இருந்தது.

நான் அந்தத் தாளோடு ரன்வே ஓரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த அளவு உண்மை என்று வைத்துக்கொள்வோம். 3 பாகையில் வருகிற கேப்டனுக்கு என்ன தெரியும்? முதல் பெட்டி 3 பாகை 44, சிவப்பு. இரண்டாவது 3 பாகை 11, சிவப்பு. மூன்றாவது 2 பாகை 54, வெள்ளை. நான்காவது வெள்ளை. இரண்டுக்கு இரண்டு. மூன்று வெள்ளை வரவே முடியாது. ஆனால் ஐந்தாறு விமானிகள் தனித்தனி நாளில் மூன்று வெள்ளை பார்த்திருக்கிறார்கள். இவர்கள் எல்லோருமா தவறாகப் பார்த்திருப்பார்கள்? அல்லது என் கையில் இருக்கும் கருவியா?

கருவியைத் திருப்பிப் போடச் சொன்னேன். சாய்வுமானியை அதே தட்டில் முன்பின்னாகத் திருப்பி வைத்து இரண்டாவது முறை அளப்பது பழைய வழக்கம். கருவியில் பிழை இருந்தால் ஒரு பக்கம் கூட்டிக் காட்டும், மறுபக்கம் அதே அளவு குறைத்துக் காட்டும். இரண்டின் சராசரிதான் உண்மை. அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடும் வேலையும் இதுதான். முதல் பெட்டி திருப்பிப் போட்டதும் 3 பாகை 26 காட்டியது. சராசரி 3 பாகை 35. அச்சு அசலாகச் சரி. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே சரி. இரண்டாவது பெட்டி முதலில் 3 பாகை 11, திருப்பிப் போட்டால் 2 பாகை 53. சராசரி 3 பாகை 2 கலை.

கருவியில் 9 கலை பிழை. 'தேவலை' என்று தம்பி சொன்ன அந்த ஒரே பெட்டிதான் 13 கலை இறங்கியிருந்தது. கருவியை நம்பி மற்ற மூன்றையும் இறக்கியிருந்தால் சரியாக நின்ற மூன்றும் கெட்டுப்போயிருக்கும். தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. அவன் மேல் தப்பில்லை. கிளைனோமீட்டர் ஜீப்பின் பின்பக்கத்தில் டூல்ஸோடு உருண்டுகொண்டு கிடந்தது, அப்படிக் கிடக்க விட்டது நான்.

அளவு கிடைத்ததும் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தியது. இரண்டாவது பெட்டியின் எல்லை 3 பாகை 2 கலைக்கு வந்துவிட்டதால், இரண்டுக்கு இரண்டு தெரியும் பட்டை 30 கலையிலிருந்து 17 கலையாகச் சுருங்கிவிட்டது. 3 பாகையில் வருகிறவர் பட்டையின் மேல் விளிம்பை உரசிக்கொண்டு வருகிறார். ஆறு மைலில் 2 கலை என்பது ஏழு மீட்டர்கூட இல்லை. ஊசி நடுவில் நிற்கும்போதே விமானம் அவ்வளவு ஏறி இறங்கும். அதனால்தான் பிங்க், வெள்ளை, பிங்க். ஏடிஆரில் கண் தாழ்வு. அவர்களுக்கு பாப்பிக் கோணம் 3 பாகைக்கு இரண்டு மூன்று கலை கீழேயே வரும். பட்டைக்குள் நிம்மதியாக இருந்தார்கள். பெரிய விமானம், சின்ன விமானம் என்ற வித்தியாசம் உண்மைதான். அதற்குச் சொன்ன காரணம்தான் தப்பு.

சாய்வு சுவிட்ச் ஏன் விழவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. ஒளி கீழ்நோக்கிக் கால் பாகைக்கு மேல், அதாவது 15 கலைக்கு மேல் சாய்ந்தால்தான் அது விளக்கை அணைக்கும். எங்கள் பெட்டி சாய்ந்தது 13. அலாரம் அடிக்காது என்பதற்கும் கோணம் சரி என்பதற்கும் நடுவே இவ்வளவு இடம் இருக்கிறது.

நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு

பெட்டி நிற்கும் கான்கிரீட் மேடை சுமார் ஒரு மீட்டர் நீளம். 13 கலை சாய வேண்டுமானால் அதன் முன்விளிம்பு 3.8 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். இரண்டு தீக்குச்சியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரம். அவ்வளவுதான். ஆனால் ஐந்து கிலோமீட்டர் தள்ளி வரும் விமானத்துக்கு அது 19 மீட்டர்.

மேடை ஏன் இறங்கியது? சித்திரையில் ஒரு கேபிளுக்காக அந்த மேடைக்கு முன்னால் சால் (நீளப் பள்ளம்) தோண்டியிருந்தார்கள். மூடும்போது மண்ணை அடுக்கடுக்காக இடிக்கவில்லை. மேலே புல் முளைத்து எல்லாம் பழையபடி தெரிந்தது. நம் மண் செம்மண்ணும் வெட்டுக்கல்லும். காய்ந்தால் கல், நனைந்தால் களி. எடவப்பாதி முழுக்க அந்தச் சால் வழியாகத் தண்ணீர் இறங்கி மேடையின் முன்பக்கத்துக்குக் கீழே மண்ணை இளக்கியிருக்கிறது. துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) தொடங்கியபோது மேடை உட்கார்ந்துவிட்டது. மழைக்கு முன் வைகாசியில் எடுத்த அளவில் எல்லாம் சரி. அடுத்த அளவுக்கு இன்னும் நாள் இருந்தது.

இதில் எனக்கு இன்னும் நடுக்கம் தருவது ஒன்று. அந்தச் சால் 9 மீட்டர் தள்ளிப் போயிருந்தால் இறங்கியிருப்பது மூன்றாவது பெட்டி. இரண்டாவது பெட்டி பட்டையின் கூரை, மூன்றாவது அதன் தரை. எங்கள் விஷயத்தில் கூரைதான் தாழ்ந்தது. தரை அசையவில்லை. ஆகவே மூன்று வெள்ளை பார்த்து மூக்கைத் தாழ்த்தியவருக்கும் மூன்றாவது பெட்டி சரியான இடத்தில் சிவப்பாகி எச்சரித்திருக்கும். மூன்றாவது இறங்கியிருந்தால்? பாப்பி சரியாக இருக்கிறது என்று நம்பி வருகிற விமானியின் கண் ரன்வே வாசலைத் தாண்டும்போது குறைந்தது சுமார் 19 மீட்டர் உயரத்தில் இருக்கும். மிகப் பெரிய விமானங்களில் கண்ணுக்கும் சக்கரத்துக்கும் நடுவே 8 முதல் 14 மீட்டர். அவற்றுக்கு வாசலில் சக்கரத்துக்குக் கீழே குறைந்தது 6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது ஐசிஏஓ (சர்வதேச சிவில் விமான அமைப்பு) விதி. 13 கலை குறைந்தால் அதில் ஒன்றரை மீட்டர் போய்விடும். விமானிக்கு எதுவும் தெரியாது. அவருக்கு இரண்டுக்கு இரண்டு அழகாகத் தெரிந்துகொண்டிருக்கும். புகார்கூட வந்திருக்காது.

அணைப்பதா, எரியவிடுவதா

அளவு எடுத்த அன்று மத்தியானமே பாப்பியை முழுதாக அணைத்து நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) போடச் சொன்னேன். தயக்கம் வந்தது. மூன்று பெட்டி சரியாக இருக்கிறதே, ராத்திரி விமானங்களுக்கு ஏதோ ஒரு துணை இருக்கட்டுமே என்றார்கள். அவர்கள் கவலையும் நியாயம்தான். ஆனால் விளக்கு இல்லை என்றால் விமானிக்கு அது தெரியும், ஐஎல்எஸ் ஊசியைப் பார்த்து வருவார். தப்பாகச் சொல்லும் விளக்கு இருந்தால் எதை நம்புவது என்று கடைசி மூன்று மைலில் அவர் மனசு இரண்டாகப் பிரியும். அந்த நேரத்தில் அவருக்கு இருக்கும் வேலைக்கு அது மிகப் பெரிய பாரம். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு ஒத்துக்கொண்டார்கள். அணைத்தோம்.

அந்தக் கேபிள் பள்ளத்தைத் திறந்து, ஈரமண்ணை வாரி, கல்லும் மணலும் அடுக்கடுக்காக இட்டு இடித்தோம். தண்ணீர் மேடைப்பக்கம் வராமல் வேறு பக்கம் வடியவிட்டோம். மேடையை ஒட்டிய கேபிளையும் தள்ளிப் போட்டாயிற்று. பெட்டிக் கால்களின் திருகைச் சரிசெய்து, இரவல் வாங்கிய வேறொரு கிளைனோமீட்டரால் ஒவ்வொரு பெட்டியும் முன்பின் திருப்பி இரண்டு முறை, காலையில் ஒரு தடவை, வெயில் ஏறிய பிறகு ஒரு தடவை என்று அளந்தோம். தம்பிதான் அளந்தான். நான் எழுதினேன்.

விடியற்கால பிங்க் வேறு கதை. வேலையும் குறைவு. நடுராத்திரிக்கு மேல் வண்டி இல்லாத நேரத்தில் பாப்பியை அணைத்துவைப்பது வழக்கம். விமானம் பத்து மைலில் கூப்பிடும்போதுதான் போடுவார்கள். ஐப்பசி விடியலில் லென்ஸில் பனி கோத்திருக்கும். பனித்துளி ஒளியைச் சிதறடித்து வெள்ளையையும் சிவப்பையும் கலந்துவிடும். பல்பின் சூட்டில் கண்ணாடி காய்வதற்குள் விமானம் இறங்கிவிடும். முதல் விமானத்துக்கு அரை மணி நேரம் முன்பே குறைந்த வெளிச்சப் படியில் போட்டுவைக்கச் சொன்னோம். பிங்க் புகார் அன்றோடு நின்றது. எல்இடி பெட்டிகளுக்கு இந்தச் சூடு கிடையாது என்பதை மாற்றப்போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். லென்ஸுக்குத் தனி ஹீட்டர் இல்லாமல் அவற்றை நம் பக்கத்துப் பனியில் வைக்கக் கூடாது.

மேலேயிருந்து பார்த்தது

தரையில் அளந்தால் மட்டும் போதாது. விமான நிலைய ஆணையத்தின் பறந்து அளக்கும் பிரிவு வந்து சோதித்த பிறகுதான் பாப்பியைத் திரும்பக் கொடுக்க முடியும். சின்ன விமானம். பின்னால் கருவிப் பெட்டிகள். இருபது வருடத்தில் முதல் முறையாக எனக்கு அதில் ஓர் இடம் கிடைத்தது.

செய்வது எளிமையானது. பாப்பிக்கு மேல் 1,000 அடி உயரத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் ரன்வேயை நோக்கி நேராகப் பறப்பார்கள். உயரம் மாறாமல் தூரம் குறையக் குறையக் கோணம் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு பெட்டியும் எந்தத் தூரத்தில் சிவப்பிலிருந்து வெள்ளைக்குத் திரும்புகிறது என்று குறித்தால் அதன் கோணம் கிடைத்துவிடும். கணக்குப்படி வெளிப்பெட்டி 7.2 கிலோமீட்டரில், அடுத்தது 6.3-இல், இரண்டாவது பெட்டி 5.4-இல், ரன்வே பக்கத்துப் பெட்டி 4.9-இல் திரும்ப வேண்டும். சாய்ந்திருந்தபோது இரண்டாவது பெட்டி ஏறக்குறைய 400 மீட்டர் முன்னாலேயே திரும்பியிருக்கும்.

அந்திநேரம். கீழே ரப்பர் தோட்டம் கறுத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் நான்கு சிவப்புப் பொட்டு. என் கையால் எத்தனையோ தடவை துடைத்த கண்ணாடிகள் அவை. ஆனால் அவை யாருக்காக எரிகின்றனவோ அந்த இடத்திலிருந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை. முதல் பொட்டு வெள்ளையானது. பிறகு அடுத்தது. மூன்றாவதுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் தூரத்தைப் படித்துக்கொண்டே வந்தார். ஐந்து புள்ளி எட்டு தாண்டியது. சிவப்பு. ஐந்து புள்ளி ஆறு. சிவப்பு. ஐந்து புள்ளி நான்கு என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரே வெட்டாக வெள்ளை. நடுவில் பிங்க்கே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படவில்லை. இரண்டாவது முறையும் மூன்றாவது முறையும் அப்படியே.

அதன் பிறகு

அன்று இரவே பாப்பி திரும்ப எரிந்தது. கண்ட்ரோலரின் நோட்டு இப்போது அச்சடித்த படிவம் ஆகிவிட்டது. விமானியிடம் கேட்க மூன்று கட்டங்கள் அதில் உண்டு. என்ன நிறம் தெரிந்தது, எந்தத் தூரத்தில், எந்த நேரத்தில். தினப்பரிசோதனைத் தாளில் 'எரிகிறது' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கோணத்துக்குத் தனிக் கட்டம் சேர்த்திருக்கிறோம். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை அதை நிரப்ப வேண்டும். பாப்பி மேடைக்குப் பக்கத்தில் யார் கடப்பாரை போட்டாலும் அன்றே அளக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. கிளைனோமீட்டருக்குத் தம்பி பலாமரத்தில் ஒரு பெட்டி செய்து உள்ளே பஞ்சு வைத்திருக்கிறான். ஜீப்பில் அது அவன் மடியில்தான் வரும்.

அடுத்த வருஷம் எடவப்பாதி முடிந்து, ஓணம் கழிந்த திங்கட்கிழமை அளந்தோம். முதல் பெட்டி 3 பாகை 35. மூன்றாவது 2 பாகை 45. நான்காவது 2 பாகை 25. இரண்டாவது 3 பாகை 14.

"ஒரு கலைதானுங்கண்ணா" என்றான் தம்பி. சொல்லிக்கொண்டே குனிந்து திருகைத் தொட்டான்.